பாதி பதில்

ஆம்பூரில் நான் வாடகைக்கு இருந்த தெருவுக்குப் பின்னால், பாலாற்றை ஒட்டி ஒரு அம்மா பன்றி வளர்த்துவந்தார். கணவர் இல்லை, ஒரே மகள். பன்றிகளைத் தெருவில் திரியவிட மாட்டார். சுவர் எழுப்பிப் பட்டி போட்டிருந்தார். ஓட்டல் மிச்சத்தைக் கொதிக்கவைத்துத்தான் தொட்டியில் ஊற்றுவார்.

எனக்குக் கால்நடை ஆய்வுக்கூடத்தில் பரிசோதனை வேலை. ஹெபடைட்டிஸ் ஈ என்ற மஞ்சள்காமாலைக் கிருமி பன்றிகளிடம் இருக்கிறதா என்று பார்க்க, ரத்தமும் சாணமும் கேட்டு அவரிடம் போனேன்.

"என் பன்னிங்களுக்கு இன்னா நோவு? நல்லாத்தானே துன்னுது" என்றார். அது பன்றியைப் படுக்கவைக்காத கிருமி என்று விளக்கினேன். என்னை நம்பி ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தார்.

பல பன்றிகளின் ரத்தத்தில் அந்தக் கிருமி வந்துபோன அடையாளம் தெரிந்தது. அதில் வகைகள் உண்டு. இது மனிதருக்கு வருகிற வகைதானா என்று அறிய, சாணத்தை வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம்.

அந்தக் கோடையில் எங்கள் தெருவிலேயே காமாலை வந்தது. முதலில் இரண்டு பிள்ளைகளுக்கு. பிறகு மூன்றாவது வீட்டுப் பெண்ணுக்கு. ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்தவள், ஏழு மாதக் கர்ப்பிணி. ஹெபடைட்டிஸ் ஈ என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், நான்கே நாளில் இறந்துபோனாள்.

துக்க வீட்டு வாசலில், நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் என்னைக் கேட்டார். "நீ லேப்ல இருக்கறவதானேம்மா, இது எங்கேர்ந்து வருது?"

சுற்றி நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். "பன்னிங்க ரத்தத்துலகூட இந்தக் கிருமி வந்துபோன அடையாளம் இருக்குது. நானே டெஸ்ட் பண்ணேன்" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் வகை இன்னும் தெரியாது, இப்படித் தெருவோடு பரவினால் முதலில் குடிதண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும், காய்ச்சிக் குடியுங்கள் என்று அடுத்த வாக்கியத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. விஷயம் தெரிந்தவளாக எல்லார் முன்னாலும் நின்றது எனக்குப் பிடித்திருந்தது. அதை இப்போதும் மறைக்க முடியவில்லை.

தெருவே கையெழுத்துப் போட்டு நகராட்சிக்கு மனு கொடுத்தது. அந்த வாரமே வண்டி வந்தது. பன்றிகளை வலைபோட்டுப் பிடித்து ஏற்றினார்கள், பட்டியை இடித்தார்கள். அந்த அம்மா யாரோடும் சண்டை போடவில்லை. கூட்டத்தில் என்னைப் பார்த்ததும், "நீ சொல்லும்மா, இதுங்களுக்கு நோவு இல்லன்னு சொன்னியே" என்றார். நான் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

பன்றிகள் போன பிறகும் காமாலை போகவில்லை. மேலும் ஐந்து பேர் படுத்தார்கள். பன்றி போனதால் பயம் விட்டது என்று எல்லாரும் குழாய்த் தண்ணீரை அப்படியே குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் தெருமுனையில் தோண்டிப் பார்த்தார்கள். சாக்கடைக்கு அடியில் குடிநீர்க் குழாய் உடைந்திருந்தது. அடுத்த மாதம் எங்கள் முடிவும் வந்தது. பன்றிகளிடம் இருந்தது ஒரு வகை, ஆஸ்பத்திரிச் சோதனைப்படி தெருவில் பரவியது வேறு வகை.

வீட்டுச் சொந்தக்காரரிடம் சொன்னேன். "சரி விடும்மா, பன்னிங்க போனது நல்லதுதானே" என்று பேச்சை முடித்துவிட்டார்.

அந்த அம்மா விரிஞ்சிபுரத்தில் தங்கை வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலுக்குக் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், முதலில் வாயைவிட்டது நான்தான் என்பது உட்பட.

ஊசியை நிறுத்தாமல் கேட்டார். பிறகு, "அந்தத் தண்ணியத்தானே நாங்களும் குடிச்சோம். என் பொண்ணும் ஒரு மாசம் படுத்துனு இருந்தா. பன்னிகிட்டேர்ந்து வந்துச்சுன்னு அவளே என்னத் திட்டுனா" என்றார்.

மகளிடம் நானே வந்து சொல்கிறேன் என்றேன்.

"அவ இப்ப ராணிப்பேட்டைல வேலைக்குப் போறா. என்கூடப் பேசறது இல்ல."

தொலைபேசி எண் கேட்டேன், தயங்கித்தான் கொடுத்தார். அன்று மாலையே அழைத்தேன். மகள் முழுவதும் கேட்டுவிட்டு, "இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்று மட்டும் கேட்டாள். அழைப்பைத் துண்டித்துவிட்டாள். அம்மாவிடம் பேசினாளா என்று கேட்க, திரும்ப விரிஞ்சிபுரம் போகும் துணிச்சல் எனக்கு இன்றுவரை வரவில்லை.