தலைவரின் கடைவாய்ப்பல்

எங்கள் சித்திக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதே எழுந்து போய்ச் சன்னலைச் சாத்திவிட்டு வருவாள். இப்போது பல் மருத்துவர். நோயாளி வாயைத் திறந்திருக்கும் நேரம் மட்டும்தான் அவள் கால் ஒரே இடத்தில் நிற்கும். படிக்கிற காலத்திலேயே அப்படித்தான். அந்த நாட்களில்தான் நாட்டின் தலைவரே அவள் கையில் வந்து மாட்டினார்.

சித்தி அப்போது பல் மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம். புதிய கட்டடத்தைத் திறக்கத் தலைவர் வருகிறார் என்று எதிர் மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். டாக்டர்கள் எல்லோரும் மடிப்புக் கலையாத சட்டையோடு காலையிலேயே அங்கே போய் வரிசையில் நின்றுவிட்டார்கள். சிகிச்சை அறையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே.

"உன்னை முன்வரிசையில உட்கார வெச்சா மானம் போயிடும். நீ இங்கேயே சுத்திக்கிட்டிரு" என்று சித்தியை விட்டுவிட்டுப் போனார் பெரிய டாக்டர்.

சித்தி சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தபோது, பின்வாசல் வழியாகச் சிலர் திமுதிமுவென்று நுழைந்தார்கள். நடுவில் துண்டால் தாடையைப் பொத்தியபடி ஒரு பெரியவர். தெருவெல்லாம் ஒட்டியிருந்த படத்தில் பார்த்த அதே முகம்தான். என்ன, ஒரு கன்னம் மட்டும் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

"டாக்டர் எங்கேம்மா?" என்று கேட்டார் தலைவரின் உதவியாளர்.

"எல்லாரும் ஐயாவை வரவேற்க மைதானத்துல நிக்கிறாங்க. நான் மாணவிங்க."

பெரிய டாக்டரை அழைத்துவர ஆள் ஓடியது. ஆனால் தலைவர் வந்து போகும்வரை மைதானத்தை விட்டு ஒருவரையும் வெளியே விடக்கூடாதென்று காவலர்களுக்கு உத்தரவாம். தலைவர் வலி பொறுக்காமல் அறைக்குள் நடந்தார். சித்தியும் நடந்தாள். குறுக்கே வந்தபோது அவர் நின்றார்.

"நீ இதுவரைக்கும் எத்தனை பல்லு எடுத்திருப்பே?"

"நிறைய எடுத்திருக்கேங்க ஐயா. யாரும் திரும்பி வந்து சண்டை போடலை."

அவர் சிரிக்கப் போய் முகத்தைச் சுளித்தார். "அப்ப எடு" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்றெல்லாம் சித்தி விசாரித்தாள். ஊசியைக் கண்டதும் தலைவர் கண்ணை இறுக மூடி உதவியாளரின் கையைப் பிடித்துக்கொண்டார். தாடை மரத்ததும் சித்தி இடுக்கியால் பிடித்து அசைத்து அசைத்துப் பல்லை எடுத்துவிட்டாள். விளக்கருகே திருப்பிப் பார்த்தாள். ஒரு வேரின் நுனியைக் காணோம். உடைந்து உள்ளேயே தங்கிவிட்டது.

மைதானத்து ஒலிபெருக்கி, தலைவர் இதோ வருகிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. உதவியாளர் கதவைத் திறந்தார். "முடிஞ்சுதுங்க, கிளம்பலாம்."

"முடியலைங்க" என்றாள் சித்தி. "வேரோட நுனி உடைஞ்சு உள்ளே நிக்குது. அதையும் எடுக்கணும். விட்டா மறுபடி வீங்கலாம்."

"இதை இப்பச் சொல்லணுமா? வெளியில ஜனம் காத்துக்கிட்டிருக்கு."

தலைவர் கையமர்த்தினார். "நீ சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுங்க. ஆனா எனக்குத் தூக்கம் வராது."

"எடுத்துடு. ரெண்டு பேரும் தூங்கணும்ல."

நுனியை எடுத்து முடிப்பதற்குள் சித்தியின் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. அப்போதுதான் பெரிய டாக்டர் காவலர்களிடம் ஒருவழியாகப் பேசித் தப்பி, மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வாய்க்குள் எட்டிப் பார்த்தார், சித்தியை முறைத்தார், "சரியாத்தான் இருக்கு" என்றார். பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், பேசக் கூடாது என்று சித்தி சொல்ல, தலைவர் தலையாட்டிவிட்டுப் போனார். மேடையில் நாடாவை வெட்டினார், கையசைத்தார், காரில் ஏறிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் பேச்சைக் கேட்கவென்றே விடுப்பு எடுத்து வெயிலில் நின்ற கூட்டத்தில், பேருந்து ஓட்டுநரான எங்கள் தாத்தாவும் இருந்தார். "வாயைத் திறக்கக்கூட மனசு வரலையாம். என்னா திமிரு" என்று வீட்டுக்கு வந்து குதித்தார். சித்தி வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். நோயாளி விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது. அதைவிட, புண் ஆறியதோ இல்லையோ என்ற கவலை வேறு. வானொலியில் தலைவர் குரல் வரும்போதெல்லாம், நாக்குக் குழறுகிறதா என்று காதை ஒட்டவைத்துக் கேட்பாள். தாத்தா வந்து வானொலியை அணைப்பார். அவர் நகர்ந்ததும் மறுபடி போடுவாள்.

சில மாதம் கழித்து, வேறொரு கல்லூரி விழாவில் தலைவர் பேசியது வானொலியில் வந்தது.

"ஒரு ஊர்ல பல் மருத்துவம் படிக்கிற பையன் ஒருத்தன் என் வாயை மூட வெச்சுட்டான். எதிர்க்கட்சியால முடியாத காரியம் அது" என்று அவர் முழுக்கதையையும் சொன்னார்.

"கெட்டிக்காரப் பயதான்" என்று தாத்தா தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"பையன் இல்லப்பா, அவரு மாத்திச் சொல்றாரு. நான்தான்."

தாத்தாவின் கை அப்படியே நின்றது. "அன்னிக்கே ஏன்டி சொல்லலை?"

"நான் சொல்லக் கூடாதுப்பா. இப்ப அவரே சொல்லிட்டாரு."

தாத்தா சட்டையை மாட்டிக்கொண்டு பணிமனைக்குக் கிளம்பிவிட்டார். இத்தனை மாதமும் தலைவரைத் திட்டியதெல்லாம் அங்கேதான். அந்தப் பல்லை எடுத்தது தன் மகள்தான் என்று சொன்னால் ஒருவரும் அவரை நம்பவில்லை. "பையன்னுதானே சொன்னாரு" என்று அவருடைய பேருந்து நடத்துனர் எல்லோர் எதிரிலும் சிரித்தார்.

அந்த நடத்துனருக்கே மறுவாரம் பல்வலி வந்தது. தாத்தா அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனார்.

"இவனுக்கு எடுடி. அப்பவாவது நம்புறானா பார்க்கலாம்."

நடத்துனர் தாத்தாவையும் சித்தி கையிலிருந்த ஊசியையும் மாறி மாறிப் பார்த்தார். "நம்புறேம்மா" என்றார். "இப்பவே நம்புறேன்."

"சரிங்க, வாயைத் திறங்க" என்றாள் சித்தி.