பிணவறை ஜன்னலக்கா

மூடியைத் திருகும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். பார்மலின் மருந்தை அளவுக் குவளையில் ஊற்றி, மூடியை மறுபடி இறுக்கிய பிறகுதான் மூச்சு விடுவார். முகக்கவசம் போட்டிருந்தாலும் இப்படித்தான். பழக்கம் லேசில் போகுமா!

உடல்களைக் கெடாமல் பதப்படுத்துவது அவர் வேலை. ஆஸ்பத்திரி முழுவதற்கும் அவர் ஜன்னலக்கா. பஸ்ஸில் ஏறினாலும் சரி, பேங்க்குக்குப் போனாலும் சரி, முதல் காரியமாக ஜன்னலைத் திறப்பார். வீட்டில் வெங்காயம் வதங்கினாலே எழுந்து ஜன்னலுக்கு ஓடுவார். "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து எனக்கு ஜலதோஷம்தான்" என்று அலுத்துக்கொள்வார் கணவர்.

பிணவறையில் காற்றை வெளியேற்றும் விசிறி கூரையை ஒட்டி இல்லை. தரையை ஒட்டி இருக்கிறது. நான்கு வருடம் ஆபீசோடு மல்லுக்கட்டி அக்காதான் அதைக் கீழே இறக்கினாராம். "மேல இருந்தா மருந்தோட ஆவி என் மூக்கைத் தாண்டித்தானே போகணும்? கீழ இருந்தா மேசையிலேர்ந்து நேரா இறங்கிடும்ல?" அட, ஆமாம்! நமக்கு இது தோன்றியதே இல்லை. பிளீச்சிங் பவுடரை மட்டும் வாசற்படி தாண்ட விடமாட்டார். "அதுவும் பார்மலினும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது. சேர்ந்துச்சுன்னா நமக்குத்தான் வினை."

போன வாரம் ஒரு முதியவரின் உடல் வந்தது. வெளிநாட்டிலிருந்து மகள் வந்துசேர மூன்று நாளாகும். "மருந்தைக் கொஞ்சம் தாராளமாவே போட்டுடுங்க" என்றான் மகன்.

"தாராளமா போட்டா முகம் விறைச்சுக் கட்டையாயிடும் தம்பி. உங்க தங்கச்சி அப்பாவைப் பார்க்க வர்றாங்களா, கட்டையைப் பார்க்கவா?"

உடம்பின் எடை, கால் வீக்கம், உயிர் போய் எத்தனை மணி நேரம் என்றெல்லாம் விசாரித்துத்தான் மருந்தைக் கலந்தார். தொடையின் ரத்தக்குழாய் வழியாக அவசரப்படாமல் ஏற்றினார். மூன்றாம் நாளும் பெரியவர் முகம் அவர் முகமாகவே இருந்தது.

மகள் வந்தாள், ஏழு மாதக் கர்ப்பிணியாக! அக்கா ஓடிவந்து கதவை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார். "உள்ள வேண்டாம்மா. அந்த மருந்துக் காத்து வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஆகாது. கதவுக் கண்ணாடி வழியா பாருங்க."

"ஒரே ஒரு தடவை கையைத் தொட்டுட்டு வந்துடறேங்க்கா." கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து விம்மினாள்.

"இவ தொட்டுப் பார்க்கத்தானே மூணு நாள் வச்சிருந்தோம்!" என்று அண்ணன் கத்தினான். அவன் கேட்டதும் நியாயம்தான். ஆனாலும் அக்கா கதவை விடவில்லை.

"இருங்க, வர்றேன்" என்று சட்டென உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். பெரியவரின் முகத்தையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, புதுத் துணி போர்த்தினார். பின்கதவைத் திறந்து, தள்ளுவண்டியோடு அவரைத் துணி காயப்போடும் முற்றத்துக்குக் கொண்டுவந்தார். தலைக்கு மேலே வெறும் வானம். "நீங்கதான் உள்ள வரக் கூடாது. அப்பா வெளிய வரலாம்ல?"

மகள் வேகமாக வந்தாள்.

"நில்லுங்கம்மா, ஒரு நிமிஷம்."

அக்கா சட்டைப் பையிலிருந்து துளிப் பஞ்சை எடுத்து விரல் நுனியில் பிடித்து உயர்த்தினார். காற்றில் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று உற்றுப் பார்த்தார். அதற்கு எதிர்ப்பக்கத்தில், மருந்து வாடை மகள் பக்கம் வராதபடி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, பெரியவரின் கையைத் துணிக்கு வெளியே எடுத்து வைத்தார்.