படுக்க வைத்த பூ

பொறுமையா, அது கிலோ என்ன விலை என்று கேட்கிறவள் மாதம்மாள். அப்படிப்பட்டவள், நாலு வருசம் ஒரு கிழங்கை மண்ணில் போட்டு, தோண்டி எடுத்து, காய வைத்து, திரும்பப் போட்டு, அது நானூறு ஆகும் வரை வாயை மூடிக்கொண்டு இருந்தாள் என்றால் ஊரில் யார் நம்புவார்கள்?

கிழங்கு வந்த கதை சின்னதுதான். எழுபத்தெட்டில் சாமை பொய்த்துப் போனது. மலையை விட்டு இறங்கி, படவேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மாதா கோயில் தோட்டத்தில் கூலிக்குப் போனாள். பீடத்துக்குப் பூ அலங்காரம் செய்கிற சாந்தாமேரி, ஊர் திரும்பும்போது ஒரு மடி கிழங்கு கொடுத்து அனுப்பினாள். வெங்காயத்தைத் தட்டையாக நசுக்கின மாதிரி இருக்கும். இலை கத்தி போல நிற்கும். தண்டு இடுப்பளவு வளரும், மொக்குகள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய் விரியும். அதற்கு இங்கிலீசில் ஏதோ பேர். அவள் வாயில் நுழையவில்லை, கத்திப்பூ என்று வைத்துவிட்டாள்.

ஜமுனாமரத்தூரிலிருந்து நாலு மைல் உள்ளே, ஓடையோரம் அரைக் காணி நிலம். அது அவள் புருசன் சடையனுக்கும் அவன் அண்ணன் ராஜாக்கண்ணுவுக்கும் பொது. ராஜாக்கண்ணுவுக்குப் பூவைப் பார்த்தாலே எரியும்.

"சாமையும் இல்ல, புள்ளையும் இல்ல. பூ இன்னாத்துக்கு?" என்பான் எல்லார் எதிரிலும்.

சடையன் ஒன்றும் சொல்ல மாட்டான். அண்ணன் எதிரில் நின்றால் அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த மௌனம்தான் மாதம்மாளை ராஜாக்கண்ணு பேச்சை விட அதிகமாய்ச் சுட்டது.

எண்பத்திரண்டு ஆனி மாதம் விவகாரம் ஊர்க்கவுண்டர் வரைக்கும் போனது. அவர் ஒரே வரியில் முடித்தார்: மாதா கோயில் திருவிழாவுக்கு இவள் பூவை எடுத்துக்கொண்டு, இனிமேலும் வேண்டும் என்று அவர்கள் சொன்னால் நிலம் பூவுக்கு. இல்லையென்றால் அன்றைக்கே ராஜாக்கண்ணு ஏர் பூட்டலாம். மழை விழுந்தாயிற்று, விதைப்பு காத்திருக்குமா?

திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அறுபது தண்டு வெட்டினாள். அடி மொக்கு ரெண்டு சாயம் காட்டினால் வெட்டிவிட வேண்டும், விரிய விட்டால் வழியிலேயே வாடும். ரெண்டு எண்ணெய் டின்னில் தண்ணீர் ஊற்றி, வீட்டு மூலையில் நெட்டுக்குத்தாக நிறுத்தினாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. படுத்தவள் கோழி கூவும் வரை புரளக்கூட இல்லை.

எழுந்து பார்த்தால் சடையன் எல்லாவற்றையும் ஈரக் கோணியில் சுற்றிக் கட்டி, வாசலில் கிடத்தி வைத்திருந்தான்.

"நானே கட்டிட்டேன். ஒரு எல கசங்கல, பாரு."

இப்போதுதான் கட்டியிருக்கிறான் என்று நினைத்தாள். அட, இந்த மனுசனுக்கு இவ்வளவு அக்கறையா என்று மனசு குளிர்ந்து போனது.

முதல் பஸ்ஸில் கட்டு மேலே ஏறியது, அவர்கள் ரெண்டு பேரும் உள்ளே. மலைப்பாதையில் பாதி வழியில் ஒரு லாரி மூக்கைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றதில் முக்கால் மணி நேரம் போனது. கோயிலுக்குள் நுழையும்போது மணி ஒன்பது. பூசை பத்துக்கு.

சாந்தாமேரி கோணியை அவிழ்த்தாள்.

"இன்னாடி இது?"

அறுபது தண்டும் முக்கால் உயரம் வரை நேர். அதற்கு மேல் ஒரு சாண் அத்தனையும் தொரட்டி மாதிரி ஒரே பக்கமாக வளைந்திருந்தது. கத்திப்பூவைப் படுக்க வைத்தால் அது சும்மா கிடக்காது. நாலைந்து மணி நேரத்தில் நுனியை மேலே பார்த்துத் திருப்பிக்கொள்ளும். இது மாதம்மாளுக்குத் தெரியும். சடையனுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

"எப்போய்யா படுக்க வெச்ச?" குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நீ கண்ணசந்ததும்," என்று சடையன் அவள் காதோரம் முனகினான்.

"ஏன்?"

சடையன் தூணைப் பார்த்தான். "வூட்டுக்குள்ள நட்டுக்க நின்னுச்சு மாதம்மா. என்னால பாக்க முடியல."

அவர்கள் ஊரில் தண்டோடு பூவை நிறுத்தி வைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். புதைத்த மூன்றாம் நாள், மண்மேட்டின் மேல். சடையன் அப்படி ரெண்டு தடவை நிறுத்தியிருக்கிறான். ரெண்டு மேடும் ஒரு முழ நீளம். இப்போது மாதம்மாளுக்கு நாலு மாசம். அது அவர்கள் ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

"தொரட்டிய பீடத்துல நட முடியாதும்மா," என்றாள் சாந்தாமேரி. கெட்டவள் இல்லை, ஆனால் நேரம் கழுத்தைப் பிடிக்கிறதே. "பிளாஸ்டிக் பூ இருக்குது. அத்தயே வெச்சிடறேன்." அலமாரிச் சாவியை எடுத்தாள்.

"அக்கா! தொறக்காதே. அர மணி நேரம் குடு. அதுக்கப்புறம் இன்னா வேணா வெய்யி."

மாதம்மாள் ஒரு தண்டை எடுத்தாள். வளைவு தொடங்குகிற இடத்தில் கட்டைவிரலை வைத்தாள். விரல் அழுத்த மறுத்தது. அந்த நுனியில் ஏழெட்டு மொக்கு, இன்னும் நாலைந்து நாளைக்கு ஒவ்வொன்றாய் விரிய வேண்டியவை. காற்றில் முறியக் கூடாதென்று குச்சி ஊன்றி வளர்த்தவள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒடித்தாள். அடுத்தது. அடுத்தது. பத்துக்கு மேல் எண்ணவில்லை. தரையெல்லாம் பச்சை மொக்கு. சடையன் குனிந்து பொறுக்கப் போனான்.

"அத்த வுடு. தண்ணி கொண்டா."

நெடுந்தண்டாக நிற்க வேண்டியது முழங்கையளவுக்குச் சற்றுக் கூட நின்றது. ஜாடிக்குக் கீழே பலகைப் பெட்டி போட்டு, வெள்ளைத் துணியால் மூடினாள். சிவப்பைப் பின்னால் விசிறியாக வைத்து, நடுவில் வெள்ளை, முன்னால் சாய்வாக மஞ்சள். ஒடித்த முனை தெரியாமல், தோட்டத்துப் பெரணி இலையைச் செருகினாள். வெளியே ஜனம் வந்து சேருகிற சத்தம் கேட்டது.

சாந்தாமேரி வாசல் வரைக்கும் நடந்து போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்தாள். மாதம்மாள் அவள் கையிலிருந்த சாவியையே பார்த்தாள்.

"எடது பக்கம் வெள்ளைய ரெண்டு வெரல் எறக்கு," என்றாள் சாந்தாமேரி. சாவி மடிக்குள் போனது.

பூசை முடிந்து வந்தும் அவள் சுருக்கமாகத்தான் பேசினாள். "மாசத்துல மொத ஞாயிறும் மூணாவது ஞாயிறும் கொண்டா. இனிமே நட்டுக்க வெச்சே கொண்டா. எவ படுக்க வெச்சது?"

"நான்தாங்க்கா," என்றாள் மாதம்மாள். சடையன் தலை தொங்கிப் போனது.

பஸ் ஏறி, நாலு மைல் நடந்து, நிலத்துக்கு வந்தால் ராஜாக்கண்ணு ஏர் பூட்டியே விட்டிருந்தான். ஒரு சால் ஓடியிருந்தது. கிழங்குகள் வெள்ளையாய்ப் பிளந்து கிடந்தன.

"ஐயோ மாமா! எடுத்துக்கினாங்க. மாசம் ரெண்டு தடவ கேட்டிருக்காங்க!"

"எங்க சீட்டு? வெறுங்கைய வீசிக்கினு வந்து கத சொல்றியா? தள்ளு!" மாட்டின் வாலை முறுக்கினான்.

"அண்ணா, மாட்ட அவுரு."

யார் பேசினது என்று மாதம்மாளே திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாடா?" என்றான் ராஜாக்கண்ணு.

"மாட்ட அவுருன்னேன். பூவக் கெடுத்தது நான். ராத்திரிபூரா படுக்க வெச்சுக் கெடுத்தேன். அவ பெத்தத ஒடிக்கிற மாதிரி ஒடிச்சு, அத்த வெச்சே ஜெயிச்சா. அங்க என் பேரக்கூட சொல்லல." சடையன் போய், மாட்டுக்கு முன்னால் சாலிலேயே உட்கார்ந்தான். "சந்தேகம்னா கவுண்டரே ஆள வுட்டுக் கேக்கட்டும். அதுக்குள்ள இன்னொரு சால் போவணும்னா என் மேல ஓட்டிக்கினு போ."

"பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு மொளச்சிருச்சா!" என்றான் ராஜாக்கண்ணு. சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. பிறகு காறித் துப்பிவிட்டு நுகத்தடியை அவிழ்த்தான்.

மாதம்மாள் சாலில் குனிந்து, பிளக்காத கிழங்குகளை மடியில் பொறுக்கினாள். பக்கத்தில் சடையன் வந்து குந்தினான். ஒரு கிழங்கை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"இதுல எது மேப்பக்கம்?" என்று கேட்டான்.

நாலு வருசத்தில் அவன் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. மாதம்மாள் அவன் கையைப் பிடித்து, முளைக்கண்ணில் விரலை வைத்துக் காட்டினாள்.