கடைசி ரூம் வரைக்கும் இன்டர்நெட்

எனக்குப் பொறுமைங்கறது பொறந்ததுலேர்ந்தே கம்மி. சிதம்பரத்துல நான் வேலை பாக்குற இன்டர்நெட் கடையில அத்தனை ஆம்பளைங்க இருந்தும், அன்னிக்கு லால்பேட்டைக்கு என்னைத்தான் அனுப்புனாங்க. கல்யாண வீடு. லைன் போக வேண்டியது பொண்ணு இருக்குற கடைசி ரூமுக்கு. அங்க வெளி ஆம்பளை நுழைய முடியாது.

தெருவுல ஆரம்பிச்சா கொல்லையிலதான் முடியும் அந்த வீடு. வாசப்பக்கத்து ஹால்ல இருக்குற வைஃபை பாதி வீட்டைக்கூட தாண்டல. புது ஒயர் இழுக்கலாம்னு டிரில்லிங் மெஷினை எடுத்தேன். பொண்ணோட அம்மா குறுக்க வந்து நின்னுட்டாங்க.

"நேத்துதான் பெயிண்டே காஞ்சுது. செவுத்துல கை வச்ச, அவ்ளோதான்!"

"அப்ப நான் என்ன மந்திரமா போடுறது?"ன்னு கேட்டுட்டேன். என் வாய் எங்க சும்மா இருக்கும்?

பொண்ணோட அத்தா, அதான் அப்பா, கல்ஃப்ல. லீவு கெடைக்கல. நிக்காஹ்வுக்கு முன்னாடி சம்மதம் கேக்க பெரியவங்க வர்றப்ப அத்தா மொகம் எதிர்ல தெரியணும், இல்லன்னா வாயே தொறக்க மாட்டேன்னு பொண்ணு ஒரே அடம். அந்த ரூம்ல செல்போன் டவரும் சரியா கெடையாது. இத்தனை நாளா அவரை அவுங்க பாத்ததெல்லாம் கட்டம் கட்டமா கலங்குன படத்துலதான்.

அப்பதான் ரூமுக்கு ரூம் டிவி பாயிண்ட் இருக்கறதைப் பாத்தேன். வீடு கட்டுனப்பவே செவுத்துக்குள்ள போட்ட கேபிள் டிவி ஒயர். ரெண்டு முனையிலயும் ஒரு சின்னப் பெட்டி மாட்டுனா அந்த ஒயர்லயே இன்டர்நெட் பிச்சிகிட்டுப் போகும், ஒரு ஓட்டை போட வேணாம். மாட்டுனேன். ஹால் பெட்டியில லைட் எரியுது, ரூம்ல எரியல. கழட்டி, சீவி, திரும்ப முடுக்கி... ம்ஹூம். வெளிய மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்னுடுச்சு. உள்ள ஆளாளுக்கு "ஆச்சா, ஆச்சா"ன்றாங்க. எனக்குக் கோவம் தலைக்கு ஏறுது.

ஹாலுக்கு ஓடி, அத்தாவுக்கே போன் போட்டுக் கேட்டேன். "பாய், டிவி லைன்ல நடுவுல எதையாவது சொருகி வச்சிருக்கீங்களா?"

"பூஸ்டரும்மா!" குரல்ல ஒரு பெருமை. "போன லீவுல நான்தான் கொண்டாந்து மாட்டுனேன். பரண் மேல பாரு."

அட கடவுளே! கல்ஃப்லேர்ந்து வர்ற ஆம்பளைங்களுக்கு சூட்கேஸ்ல ஒரு மெஷின் இல்லன்னா வீட்டுக்குள்ள நுழையறதுக்கே ஆவாது. டிவி படம் ஒரு பக்கமா வந்தா போதும், அதுக்கு பூஸ்டர் சரி. இன்டர்நெட் போவணும், வரணும். திரும்புற வழியை அந்த மெஷின் அடைச்சிகிட்டு இருந்துது. பரண்ல ஏறி அதைப் புடுங்கிப் போட்டு ரெண்டு ஒயரையும் நேரா சேத்தேன். ரூம்ல லைட் எரிஞ்சுது. "அப்பாடா!"ன்னு கத்தியே கத்திட்டேன்.

லேப்டாப்புல அத்தா வந்தார். தாடியில ஒவ்வொரு முடியும் தெரியுது, அவ்ளோ சுத்தமா படம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில கட்டில் ஓரமா உக்காந்திருந்தார். மகளைப் பாத்ததும் வாய் நெறய சிரிச்சார்.

"அத்தா, முன்பல்லு எங்க?"ன்னு கேட்டுது பொண்ணு.

சுத்தியிருந்த பொம்பளைங்க கொல்லுன்னு சிரிச்சாங்க. அவர் டக்குன்னு கையால வாயைப் பொத்திகிட்டார். "வேலையில கீழ விழுந்துட்டேன்மா. சின்ன அடிதான்."

அம்மா சிரிக்கல. "எப்ப விழுந்தீங்க? எங்கிட்ட ஏங்க சொல்லல?"

அவர் பதில் சொல்றதுக்குள்ள கதவுக்கு வெளியிலேர்ந்து சலாம் கேட்டுது. சம்மதம் கேக்க வந்துட்டாங்க. கேட்டாங்க. பொண்ணு வாயைத் தொறக்கல. திரும்பவும் கேட்டாங்க.

"கையை எடுங்க அத்தா"ன்னுது பொண்ணு. "அப்பதான் சொல்லுவேன்."

அவர் மெதுவா கையை எடுத்தார். பொண்ணு அந்த வாயையே பாத்துகிட்டு சம்மதம் சொல்லுச்சு.