வார்னிஷ் போட்ட டாங்கி

என் அக்காவிடம் ஒரு டாங்கி இருந்தது. சண்டைக்குப் போகிற டாங்கியேதான். ஆனால் ஒரு முழ நீளம், மரத்தால் ஆனது. இப்போது அது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. புகை படிந்து, துருவேறி, சேறு அப்பி, ஆற்றிலிருந்து தூக்கிவந்த சாமான் போலத் தெரியும். வருகிறவர்கள், பெயிண்டர் வீட்டில் இப்படி ஒரு அழுக்கா என்று கேட்கிறார்கள். செய்தவன் நான்தான், ஆனால் அழுக்காக்கியவன் நான் மட்டுமில்லை என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மதுரையில் பள்ளிவாசலுக்குப் பின்னால் எங்களுக்குத் தகரப்பெட்டிக் கடை. கல்யாணப் பெண்கள் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோகும் பெட்டிகளுக்கு வர்ணம் அடிப்பது என் வேலை. பச்சை, அதன்மேல் மஞ்சள் கோடு, மூலைக்கு ஒரு ரோஜாப்பூ, கடைசியாக வார்னிஷ். மூடியில் முகம் தெரியாத பெட்டி எங்கள் கடைப் படியைத் தாண்டாது. இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்காவைக் கட்டிய மச்சான் லாரி ஓட்டியவர். எந்த இஞ்சினையும் காதை வைத்துக் கேட்டே கோளாறு சொல்வார். அந்தச் சாமர்த்தியம்தான் அவரைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. பர்மா பக்கம் டாங்கிகளோடு கூடவே போய்ப் பழுது பார்க்கும் வேலை. ஒரு டாங்கியின்மேல் கையை ஊன்றி நிற்கும் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். அதற்கப்புறம் கடிதமே இல்லை. பிறகு சர்க்காரிடமிருந்து ஒரு காகிதம் வந்தது. ஆளைக் காணவில்லை என்று மட்டும் அதில் இருந்தது.

செத்தார் என்று எழுதியிருந்தால் அழுது தீர்த்திருப்போம். புருஷன் மௌத்தானால் எங்களில் பெண்கள் இத்தா இருப்பார்கள். நாலு மாதம் பத்து நாள், பூவில்லாமல் நகையில்லாமல், வாசல் தாண்டாமல், வேற்று ஆண் முகம் பார்க்காமல் வீட்டுக்குள் இருப்பது. அது ஒரு துக்கம், அதற்கு ஒரு முடிவும் உண்டு. காணாமல் போனவருக்கு என்ன இருப்பது? சொந்தக்காரர்கள் வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இத்தாவை முடித்துவிட்டு வேறு நல்ல இடம் பார்க்கலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். அக்கா எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

“கண்ணால பார்த்தவுக யாராச்சும் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் அவுக இருக்காக.”

அந்த நாட்களில்தான் டாங்கி வேண்டுமென்று கேட்டாள். படத்தில் அது உள்ளங்கை அகலம்தான் இருந்தது. மச்சான் எதற்குள் ஏறி இறங்கினார் என்று அவளுக்குச் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். எனக்குத் தெரிந்த ஆசாரியிடம் மரம் இழைத்து வாங்கினேன். நூல் சுற்றும் கட்டைகள் சக்கரங்களாயின. பழைய சைக்கிள் சங்கிலி பட்டையாயிற்று. உடைந்த குடைக்கம்பியின் குழாய் பீரங்கி. வர்ணம் அடிக்க உட்கார்ந்ததும் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. பச்சை அடித்து, மஞ்சள் கோடு இழுத்து, பக்கவாட்டில் ஒரு ரோஜாப்பூவும் போட்டு, இரண்டு கை வார்னிஷ் கொடுத்தேன். உலகத்தில் எந்த ராஜாவும் இவ்வளவு அழகான டாங்கியில் சண்டைக்குப் போயிருக்கமாட்டான். அக்கா பூவைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தக் காகிதம் வந்து ஆறு மாதம் கழித்து, அன்றுதான் அவள் சிரித்தாள்.

அன்று பிற்பகலே காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கடைக்கு வந்தார். நடையில் சின்னதாக ஒரு நொண்டல். ஊர் எழுமலை, வீட்டில் விவசாயம், மச்சானோடு ஒரே கூடாரத்தில் இருந்தவர். அடிபட்டு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் இப்போதுதான் வர முடிந்தது என்றார். பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். வழியில் நின்றுபோன டாங்கியைச் சரிசெய்ய மச்சான் உள்ளே இறங்கியிருக்கிறார். அப்போது குண்டு விழுந்திருக்கிறது. எரிந்து முடிந்த பிறகு அடையாளம் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால்தான் காகிதத்தில் காணவில்லை.

நான் செய்தது சரியா தப்பா என்று கேட்டால், தப்புத்தான். ஆனால் அக்காவின் அந்தச் சிரிப்பு என் கண்ணிலேயே நின்றது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் அக்காவிடம் இதைச் சொல்லவே கூடாது என்று கெஞ்சினேன். “சொல்லத்தான்ணே அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தேன். சரி, என் வாயால சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுத்தார். இரவு கடையிலேயே தங்கவைத்தேன். யார் வந்தது என்று அக்கா கேட்டதற்கு, பெட்டி வாங்க வந்த ஆள் என்றேன்.

எங்கள் தெருவில் ஒரு தும்மலைக்கூட மறைக்க முடியாது. காக்கிச் சட்டைக்காரர் வந்து தங்கியிருக்கும் சேதி காலையிலேயே அக்காவுக்கு எட்டிவிட்டது. மச்சானுடைய சிநேகிதர் சும்மா பார்க்க வந்திருக்கிறார் என்று மழுப்பினேன். மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வரச் சொல்லிவிட்டாள். சோறும் தால்ச்சாவும் பரிமாறி, அவர் கை கழுவி வந்ததும், டாங்கியை எடுத்து முன்னால் வைத்தாள்.

அவர் சிரித்துவிட்டார். “அக்கா, இம்புட்டுப் பளபளப்பா நாங்க ஒரு நாளும் பார்த்ததில்ல. பூ வேறயா?” எனக்குச் சுருக்கென்றது. அக்காவோ, அப்படியானால் நிஜமாக எப்படி இருக்குமோ அப்படியே ஆக்கிக் கொடுங்கள் என்றாள்.

என் கண்ணெதிரேயே என் வார்னிஷில் உப்புத்தாள் ஏறியது. முதலில் ரோஜாப்பூ போனது. பொறுக்க முடியாமல் நானும் கூட உட்கார்ந்துவிட்டேன். செங்கல்பொடியை மண்ணெண்ணெயில் குழைத்தால் துரு மாதிரி வரும் என்று சொல்லிக் குழைத்துக் கொடுத்தேன். வைகை வண்டலைக் கரைத்துச் சங்கிலியில் அப்பினோம். பூட்ஸ் உரசுகிற இடத்தில், கை பிடித்து ஏறுகிற விளிம்பில் வர்ணம் தேய்ந்து இரும்பு தெரியும் என்றார். அங்கெல்லாம் பென்சில் கரியைத் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க அவருக்குப் பேச்சும் வந்தது. மச்சான் சட்டை காயப்போடுகிற இடம், நிழலுக்குக் குந்துகிற பக்கம், இஞ்சின் சூட்டில் வைத்து டீ போட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அக்கா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷனோடு வாழ்ந்த இரண்டு வருஷத்திலும் அவ்வளவு நேரம் அவரைப் பற்றிக் கேட்டிருக்கமாட்டாள். ஆண்டவனே, இப்படியே பொழுது போய்விடட்டும் என்று நினைத்தேன்.

அப்போது அவள் கேட்டாள். “கடைசியா நீங்க பார்த்தப்ப எப்படி இருந்துச்சோ, அதையும் வையுங்க தம்பி.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அரிக்கேன் விளக்கின் சிமினியிலிருந்து கட்டைவிரலில் புகைக்கரியை எடுத்தார். டாங்கியின் மேல்மூடியைச் சுற்றிப் பூசினார். மறுபடி எடுத்தார், பூசினார். மூடி முழுக்கக் கறுத்தது, மூடியைத் தாங்கும் மேடை கறுத்தது, பீரங்கியின் அடிவரை கறுத்தது. மச்சான் சட்டை காயப்போடும் இடமும் கறுத்துப்போனது. பச்சை என்று சொல்ல அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை. வாயைத் திறக்கவே இல்லை.

அக்கா எழுந்திருக்கவில்லை, அலறவில்லை. எப்போது என்று மட்டும் கேட்டாள். சொன்னார். விரல்விட்டு எண்ணினாள். ஏழு மாதம். பிறகு என் பக்கம் திரும்பி, “ஒனக்குத் தெரியுமா?” என்றாள்.

“நேத்துத்தான்க்கா தெரியும்.”

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் இத்தாவுக்கு நாள் கேட்டு வரச் சொன்னாள். ஹஜ்ரத் கணக்குப் பார்த்துவிட்டு, இத்தா இறந்த நாளிலிருந்து ஓடுவது, தெரிந்த நாளிலிருந்து அல்ல, அது எப்போதோ முடிந்துவிட்டது, இனி இருக்கக் கட்டாயமில்லை என்றார். இந்தச் சேதியை வந்து அக்காவிடம் சொன்னேன். புருஷனுக்காகத் துக்கம் இருக்கும் நாட்களும் அவளுக்குத் தெரியாமலே கடந்துபோயிருந்தன. அவள் கேட்டுக்கொண்டாள். “மார்க்கத்துக்கு முடிஞ்சிருச்சு. எனக்கு இப்பத்தான ஆரம்பிக்குது” என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

யாரும் தடுக்கவில்லை. நாலு மாதம் பத்து நாளும் நான் கதவோரம் நின்று, வேண்டியதைக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். டாங்கி உள்ளே அவள் பாயருகே இருந்தது. நாள் முடிந்த அன்று சொந்தக்காரப் பெண்கள் வந்து காத்திருந்தார்கள். அவள் வெளியே வரவில்லை. நாளை வருகிறேன் என்று மட்டும் குரல் கொடுத்தாள். எண்ணிக்கையில் தப்பியிருப்பாள், பாவம் என்று எல்லோரும் கலைந்து போனார்கள்.

மறுநாள் காலை தானே கதவைத் திறந்துகொண்டு வந்தாள். இளைத்திருந்தாள். எனக்குத் தட்டில் இட்லி எடுத்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நேற்றே முடிந்துவிட்டதே, ஒரு நாள் கூடுதலாக எதற்கு இருந்தாய் என்று கேட்டேன். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

“நீ மறைச்சியே, அந்த ஒரு நாளுக்குடா தம்பி. அன்னைக்கு நான் தலை நிறையப் பூ வச்சிருந்தேன்.”