எட்டு சிலிண்டர் காருக்கு வேன் கியர்பொக்ஸ்

வெள்ளவத்தையில் வசிக்கும் எனக்கு எழுபத்திரண்டு வயது. என் பழைய எட்டு சிலிண்டர் அமெரிக்கக் காரின் ஒட்டோ (தானியங்கி) கியரைக் கழற்றி, கையால் மாற்றும் மெனுவல் கியர் போட விரும்பி, சுலபமாகக் கிடைத்த வேன் கியர்பொக்ஸைத் தேர்ந்தெடுத்தேன்.

"சேர், இந்த எஞ்சின்ட இழுவைக்கு அது உடஞ்சிடும்," என்றார் மெக்கானிக் நிசாம்.

"உடைஞ்சால் நான் பாக்கிறன்," என்றேன். அவர் அதையே பொருத்தித் தந்தார். அவரது எச்சரிக்கையை மனைவியிடம் மறைத்தேன்.

அவளுடன் தெகிவளை மேம்பாலத்தில் ஏறும்போது கியர்பொக்ஸ் உடைந்தது. எஞ்சின் உறுமியது, கார் பின்னோக்கி உருண்டது. பின்னால் வந்த முச்சக்கரவண்டியில் ஒரு தாயும் குழந்தையும் இருந்தார்கள். பதற்றத்தில் முதலில் கிளச்சைத்தான் மிதித்தேன். பிரேக் பிடித்தபோது ஒரு சாண் இடைவெளிதான் மிச்சம்.

"நிசாம் ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று மனைவி கேட்டாள்.

"சொன்னவர்."

அவள் தானே நிசாமுக்கு போன் எடுத்து, காரை இழுத்துப் போக வரச் சொன்னாள்.

பொருத்தமான கியர்பொக்ஸ் கிடைக்கும்வரை கார் ஓடாது. நிசாம் சொல்வதை இப்போது அவளையும் அருகில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.