கருப்பையாவைத் தள்ளி வைத்த கதை

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஃப்ளூ காய்ச்சலுக்கு ஒத்திகை பார்க்கப் போய், ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நர்சுப் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன். மாஸ்க் போடவும் கை கழுவவும் டிரெய்னிங்கில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

கொரோனா ஓய்ந்த பிறகு மேலிடத்து உத்தரவு வந்தது. அடுத்த பெருந்தொற்று ஃப்ளூவாக வரலாம், அப்போது திருதிருவென்று முழிக்காமல் இருக்க இப்போதே மாக் டிரில் நடத்திப் பழக வேண்டும். அதாவது ஒருவர் காய்ச்சல்காரராக நடித்துக்கொண்டு வருவார். அவருக்குக் கேட்டிலேயே மாஸ்க் கொடுத்து, தனி வரிசையில் நிறுத்தி, சளி சாம்பிள் எடுத்து, ஐசொலேஷன் அறையில் படுக்க வைக்க வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்து மார்க் போடுவார்கள். ஒத்திகை என்று வெளியே மூச்சு விடக் கூடாது.

எங்கள் டாக்டரம்மா சென்னையில் வளர்ந்த பெண், படு சுறுசுறுப்பு. எங்களையெல்லாம் உட்காரவைத்து வகுப்பெடுத்தார். வாட்ச்மேன் மாரிமுத்துவுக்கும் புரிய வேண்டுமே என்று, ஐசொலேஷன் என்றால் நோயாளியைத் தள்ளி வைப்பது, அவ்வளவுதான் என்று எளிமையாகச் சொன்னார். மாரிமுத்து பலமாகத் தலையாட்டினார்.

நோயாளி வேஷத்துக்கு எதிர்த்த டீக்கடைக்காரர் கருப்பையாவைப் பிடித்தோம். கோயில் திருவிழா நாடகங்களில் பபூன் வேஷம் கட்டுகிறவர். ரெண்டு தடவை இருமினால் போதும் என்றுதான் சொன்னேன். கேட்பாரா மனுஷன்? கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இரண்டு பேர் தோளில் தொங்கியபடி வந்தார். அவர் இருமிய இருமலில் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் அங்கிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்து அறையில் படுத்தும்விட்டார். அதிகாரிகளைத்தான் காணோம். அவர்கள் வரும்வரை வெளியே தலை காட்டக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கருப்பையாவின் மனைவியும் மகளும் கல்யாணப் பட்டு எடுக்க டவுனுக்குப் போயிருந்ததால் கடை பூட்டிக் கிடந்தது. டீ குடிக்க வந்தவர்கள் மாரிமுத்துவிடம் விசாரித்தார்கள். அவரும் வகுப்பில் படித்ததை ஒப்பித்தார்.

"கருப்பையாவத் தள்ளி வச்சாச்சு. யாரும் கிட்டக்கப் போகாதீங்க."

எங்கள் பக்கத்தில் ஒருவரைத் தள்ளி வைப்பது என்றால் ஊர் விலக்கி வைப்பது. அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், நல்லது கெட்டதுக்குப் போக மாட்டார்கள். இந்தப் பேச்சு பஸ் ஏறிக் கொடும்பாளூருக்குப் போய்விட்டது. கருப்பையாவின் மகளைக் கட்டப்போகும் மாப்பிள்ளைக்கு அந்த ஊர்தான்.

மதியத்துக்குள் மாப்பிள்ளையின் அம்மா தன் தம்பியோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். பூட்டிய கடையைப் பார்த்தார். நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபம்கூட இல்லை, கண் கலங்கியிருந்தது.

"பொண்ணு தங்கமான பொண்ணு நர்சம்மா. ஆனா ஊரே தள்ளி வச்ச வீட்டுல எப்பிடிச் சம்பந்தம் பண்றது? வேணாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அங்கே அந்தப் பெண் ஆசையாகப் பட்டு எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஊர் ஒன்றும் செய்யவில்லை, அவர் அந்த அறையில்தான் இருக்கிறார் என்று ஜன்னலைக் காட்டினேன். அதுதான் வினையாகிவிட்டது. ஜன்னலில் நிழலாடியதும் அதிகாரிகள் வந்துவிட்டதாக நினைத்துக் கருப்பையா கட்டிலில் புரண்டார், கண்ணைச் செருகினார், மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்காமல் போய்விடுவேன் போலிருக்கிறதே என்று வசனம் வேறு. சம்பந்தியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜீப் வந்து நின்றது. உண்மையைச் சொன்னால் டிரில் போச்சு, சொல்லாவிட்டால் கல்யாணம் போச்சு. டிரில் நாசமாய்ப் போகட்டும் என்று அந்த அம்மாவையும் தம்பியையும் ஓரமாக நகர்த்தி, ஆளுக்கொரு மாஸ்க்கை மாட்டிவிட்டு, காதோடு சொன்னேன்.

"அக்கா, அவருக்கு நோயும் இல்ல நொடியும் இல்ல. நடிக்கச் சொன்னதே நாங்கதான். யாரு தள்ளி வச்சா? கவர்மெண்டு ஆஸ்பத்திரியில தனி ரூம் குடுத்து வச்சிருக்கோம். பாருங்க, அவரப் பாக்கத்தான் ஆபீசருங்க ஜீப்புல வாராங்க."

அழுகை சட்டென்று நின்றது.

"தனி ரூமா? அவருக்கு மட்டுமா?"

அவருக்கு மட்டும்தான் என்றேன். அதில் பொய்யும் இல்லை. எங்கள் ஊரில் தனி ரூம் என்பது வசதியானவர்கள் திருச்சியில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய் எடுப்பது. சம்பந்தியம்மா தம்பியின் பக்கம் திரும்பினார்.

"கேட்டியாடா, தனி ரூமாம்ல. எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் கதை கட்டியிருக்கான்."

மாரிமுத்து நைசாகக் கொல்லைப் பக்கம் நழுவினார்.

அதிகாரிகளுக்கு ஏகத் திருப்தி. நோயாளியின் உறவினர்களையும் ஒத்திகையில் சேர்த்து, மாஸ்க் போட்டு ஓரமாக நிறுத்தியிருப்பது அருமையான ஏற்பாடாம். அதிலும் அந்த அம்மாளின் அழுகை தத்ரூபமாம். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. டாக்டரம்மாவை முதல் பந்தியில் உட்காரவைத்து, சம்பந்தியம்மாவே பக்கத்தில் நின்று பாயசம் ஊற்றினார். மறுநாளே டாக்டரம்மா எங்கள் ஆஸ்பத்திரியில் 'தள்ளி' என்ற வார்த்தைக்குத் தடை போட்டுவிட்டு, ஐசொலேஷன் அறைக் கதவில் 'தனி ரூம்' என்று பெயின்டில் எழுதவைத்தார்.

மழைக்காலத்தில் நிஜமாகவே ஃப்ளூ வந்தது. கொரோனா சமயத்தில் நாங்கள் தேடிப்போனால் காய்ச்சலை மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடியவர்கள் உண்டு. ஊர் தள்ளி வைத்துவிடுமோ என்றுதான் அப்படி ஓடியிருக்கிறார்கள் என்று யோசித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது. இந்த முறை முதல் இருமலுக்கே அவர்களாக வந்தார்கள். ஆகவே பிள்ளைகளே, மாத்திரையும் மாஸ்க்கும் ஸ்டாக் இருக்கிறதா என்று பார்க்கும்போது, ஜனங்களிடம் சொல்லப்போகிற வார்த்தையையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தொல்லை மட்டும் நான் ரிட்டயர் ஆகும்வரை தீரவில்லை. முட்டிவலிக்காரர்களெல்லாம் தலையணையோடு வந்து, ரெண்டு தடவை இருமிக் காட்டி, தனி ரூம் கேட்டுச் சண்டை போட்டார்கள்.